குங்குமம், மங்குஸ்தான், ரத்தம்

1910ஆம் வருடம் தென்காசியில் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. நடத்தியவர் நீலகண்ட பிரம்மச்சாரி. காளி படம் ஒன்றை வைத்து, அதன் முன்னால் பூவும் விபூதியும் குங்குமமும் வைத்திருந்தார்கள். குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து, இது வெள்ளைக்காரன் ரத்தம் என்று சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் குடித்தார்கள். பிறகு கட்டைவிரலைக் கீறி, உறுதிமொழித் தாளில் தங்கள் ரத்தத்தால் முத்திரை வைத்தார்கள். அடுத்த வருடம் ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில், செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதைத் தொடர்ந்து வந்த சதி வழக்கில் 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நீலகண்டருக்கு 7 வருடத் தண்டனை. மேலே சொன்ன சடங்கு வெளியே வந்தது அந்த வழக்கில்தான். கூட்டத்துக்குள் இருந்து, பிறகு அரசுத் தரப்புக்கு மாறிய அப்ரூவர் வாய்வழியாக.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்வார்கள். ஆஷைப் பற்றியும் வாஞ்சியைப் பற்றியும் இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு இந்தக் கதையில் எப்போதும் கண்ணில் நிற்பது ஒன்றுதான்: ஒரே தரையில், சில அடி தூரத்தில், இரண்டு சிவப்புகள். ஒன்று ரத்தம். இன்னொன்று ரத்தம் என்று சொல்லப்பட்டது. இரண்டிலும் ஒவ்வொரு துளி யார் வேட்டியிலாவது சிந்தியிருந்தால், மறுநாள் அந்த வேட்டியைப் பார்க்கிற ஒரு போலீஸ்காரருக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

அன்றைக்கு அதற்கு வழியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை மாகாணத்தில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் 1849லேயே வந்துவிட்டது. விஷம்தான் அவர்களுக்கு முக்கிய வேலை. கறையில் இருப்பது மனித ரத்தமா மிருக ரத்தமா என்று பிரித்தறியும் முறையை ஜெர்மனியில் பவுல் ஊலன்ஹூத் கண்டுபிடித்தது 1901இல். கல்கத்தாவில் ‘இம்பீரியல் சீராலஜிஸ்ட்’ என்று ஒரு அலுவலகம் இதற்காகவே தொடங்கப்பட்டது, சரியாக அந்த 1910இல். ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் துணியை வெட்ட வேண்டும், ஊறவைக்க வேண்டும், எதையாவது ஊற்ற வேண்டும். 1937க்குப் பிறகு லூமினால் வந்தது. இருட்டில் நீலமாக ஒளிரும், சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அதையும் கறை மேல் தெளிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடருக்கும் அது ஒளிரும், செம்புக்கும் ஒளிரும், சில காய்கறிச் சாறுகளுக்கும் ஒளிரும்.

நான் வேலை பார்ப்பது பெங்களூரில். பருப்பு, முந்திரி, மிளகாய் வற்றல் இவற்றைத் தரம் பிரிக்கும் கேமராக்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி. ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா என்று பெயர். சொந்தக்காரர்களிடம் “கேமரா சாஃப்ட்வேர்” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடுக்கிறவன் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாதாரண போன் கேமரா ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்களைத்தான் வைத்துக்கொள்கிறது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. நம் கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால்தான் குங்குமமும் ரத்தமும் நமக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா அதே ஒளியை நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்று தனித்தனியாக எழுதிவைக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வளைகோடு. ரத்தத்தின் வளைகோட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 415 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு பெரும் பள்ளம். பிறகு 540க்கும் 576க்கும் பக்கத்தில் ஜோடியாக இரண்டு சின்னப் பள்ளங்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் விழுங்கும் வெளிச்சம் அது. துணியைத் தொட வேண்டாம், வெட்ட வேண்டாம்.

இந்தத் தொழில்நுட்பம் தடயவியலுக்காகப் பிறந்ததும் இல்லை. பாறைகளையும் பயிர்களையும் மேலிருந்து பார்த்து அடையாளம் காண்பதற்காக 1980களில் நாசாவின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. 2018 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய ஹைசிஸ் செயற்கைக்கோள் இதே வகை. 2010இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் ஜெஃபர்சன் எழுதிய சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை இப்படிப் படமெடுத்தபோது, ‘குடிமக்கள்’ என்ற சொல்லுக்கு அடியில் அவர் முதலில் எழுதி அழித்த ‘பிரஜைகள்’ தெரிந்தது. 230 வருடத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாத சொல். மை ஒன்றின் மேல் மை ஒன்று. நம் ஊர்க் கோர்ட்டுகளில் புரோநோட்டில் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டிருக்கிறானா என்று பார்ப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். அவர்கள் விஷயம் வரலாறு ஆகிவிடுகிறது, நம் விஷயம் வாய்தா ஆகிவிடுகிறது.

இனி பெரியப்பா விஷயம்.

என் பெரியப்பா குற்றால சீசனில் பழக்கடை போடுவார். ஜூன் தொடங்கிச் சாரல் இருக்கும் வரைக்கும். மங்குஸ்தான், ரம்புட்டான், எப்போதாவது துரியன். மங்குஸ்தானை உரித்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வெள்ளையாக, சாதுவாக இருக்கும் அந்தப் பழத்தின் தோல் எவ்வளவு பொல்லாதது என்று. சாறு பட்ட இடம் முதலில் செம்ஊதா, காய்ந்தால் கரும்பழுப்பு. எந்த சோப்புக்கும் போகாது. பெரியப்பா வாயில் எப்போதும் வெற்றிலை வேறு. சீசன் முடியும்போது அவருடைய வேட்டி ஒவ்வொன்றும் ஒரு தேசப்படம் போல இருக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு சீசன். அவரோடு முந்தின நாள் கொடுக்கல் வாங்கலில் சத்தம் போட்ட ஒரு வியாபாரி, ராத்திரி கத்திக்குத்துப் பட்டுச் செத்துப்போனார். சண்டை போட்டவர்களையெல்லாம் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பெரியப்பா கட்டியிருந்த எட்டு முழ வேட்டியில் முழங்காலுக்கு மேலே கரும்பழுப்பாகக் கறை. அதோடு பேச்சு முடிந்தது. ரிமாண்ட் செய்தார்கள். வேட்டியை மடித்து, சீல் வைத்து, சோதனைக்கு அனுப்பினார்கள்.

“மங்குஸ்தான் கறைன்னு தொண்ட கிழியச் சொன்னேன்டே. அந்தாளு சிரிக்கான். பழத்துல ரத்தம் வருமாக்கும்ங்கான்.” இதை அவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் “சிரிக்கான்” என்கிற இடத்தில் அவரும் சிரிப்பார்.

ரிப்போர்ட் வர நாலு மாதம். ஒரே ஒரு வரி: ரத்தம் காணப்படவில்லை. அதற்கு முன்பே வேறு ஆட்கள் பிடிபட்டு, பெரியப்பா வெளியே வந்துவிட்டார். ஆனால் நாலு மாதம் என்பது ஒரு ஊருக்கு மிக நீண்ட காலம். அடுத்த சீசனில் அவருக்குக் கடை போட இடம் கிடைக்கவில்லை. அக்காவுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் தட்டிப்போனது. வேட்டி மட்டும் திரும்பி வரவே இல்லை. பெரியம்மாவுக்கு எல்லாவற்றையும் விட அதுதான் மனக்குறை. “புது வேட்டி. ஒரு தடவதான் வெளுத்துது” என்பாள்.

இந்த வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், ரத்தத்தின் அந்த ஜோடிப் பள்ளத்தை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது, நினைவுக்கு வந்தது அந்த வேட்டிதான். இப்படி ஒரு கேமரா அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் வீட்டுக்கு வந்திருப்பாரே என்று தோன்றியது. இங்கிலாந்தில் டீசைடு பல்கலைக்கழகத்தில் மீஸ் இஸ்லாம் என்பவரின் குழு பத்து வருடத்துக்கு முன்பே இந்த வேலையைச் செய்துவிட்டது. ரத்தக்கறையைக் கண்டுபிடிப்பது, அது எத்தனை நாள் பழையது என்று கணிப்பது, இரண்டையும். ராத்திரி உட்கார்ந்து கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்தேன்.

அப்படித்தான் போலந்து ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஒரு டேட்டாசெட்டுக்கு வந்து சேர்ந்தேன். ரத்தத்தைக் கண்டறியும் மாடல்களைச் சோதிப்பதற்காகவே தயாரித்தது. நேர்த்தியான வேலை, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ரத்தத்தோடு சேர்த்து, ரத்தம் போலத் தோன்றும் பொருட்களையும் தடவிப் படமெடுத்திருக்கிறார்கள். மாடல் ஏமாறுகிறதா என்று பார்ப்பதற்கு. என்னென்ன பொருட்கள்? கெட்சப். தக்காளி விழுது. பீட்ரூட் சாறு. நாடகத்துக்குப் பயன்படுத்தும் செயற்கை ரத்தம். போஸ்டர் பெயின்ட். அக்ரிலிக் பெயின்ட்.

பட்டியலை இரண்டு தடவை படித்தேன். ஒரு போலந்து வீட்டின் சமையலறையும் குழந்தைகளின் பெயின்ட் டப்பாவும் அதில் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் ஊரில் எது சிவப்பாகச் சிந்துமோ அதை வைத்திருக்கிறார்கள். தென்காசியில் எது சிவப்பாகச் சிந்தும்? வெற்றிலை எச்சில் இல்லாத பஸ் ஸ்டாண்ட் சுவர் உண்டா? வாசலில் ஊற்றிய ஆரத்தி, குங்குமம், மருதாணி, கோயில் சுவரின் காவி, செம்மண், மங்குஸ்தான் தோல். ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. 1910இல் அந்தத் தரையில் இருந்த இரண்டு சிவப்புகளில் ஒன்று அதற்குத் தெரியும், இன்னொன்று தெரியாது.

இது ஏன் பிரச்சினை என்றால், இந்த மாதிரி மென்பொருள் எதையும் ‘பார்ப்பது’ கிடையாது. தன்னிடம் உள்ள வளைகோடுகளோடு புது வளைகோட்டை ஒப்பிட்டு, எது நெருக்கம் என்று சொல்கிறது. கெட்சப்பும் பீட்ரூட்டும் ரத்தமும் மட்டுமே தெரிந்த ஒன்றிடம் மங்குஸ்தான் கறையைக் காட்டினால், அந்த மூன்றில் எது கிட்ட இருக்கிறதோ அதைச் சொல்லும். ‘இது எனக்குத் தெரியாத பொருள்’ என்று சொல்ல வைக்கலாம். அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். முந்திரியில் நான் எழுதியிருக்கிறேன். ஏனென்றால் தெரியாத ஒன்றை முந்திரி என்று சொல்லிவிட்டால் ஏற்றுமதியாளர் மறுநாளே போன் செய்வார்.

போன வருடம் சீசன் நேரத்தில் பத்து நாள் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். பழைய வெள்ளை வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டினேன். மார்க்கெட்டில் ஆட்டு ரத்தம் வாங்கினேன். பொரியலுக்குத்தான் என்று கடைக்காரர் நினைத்து, “ஈரலும் வச்சிக்கிடுங்க தம்பி” என்றார், வாங்கிக்கொண்டேன். காசி விஸ்வநாதர் கோயில் பக்கத்துக் கடைகளில் மூன்று விதமான குங்குமம். அம்மா ஆரத்தி கரைத்துக் கொடுத்தாள், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து அந்தச் சிவப்பு பொங்கி வருவதை இந்த வயதிலும் வேடிக்கை பார்த்தேன். மங்குஸ்தான் தோலை நசுக்கித் தேய்த்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. ஒரு செட்டைப் பெங்களூர் லேபுக்குக் கொண்டுபோனேன். இன்னொரு செட்டைக் குற்றாலத்தில் சித்தி வீட்டு மாடி வராந்தாவில், கூரைக்கு அடியில், சாரல் காற்று படும்படி தொங்கவிட்டேன். ஒரு மாதம் கழித்து சித்தி அதைக் கவரில் போட்டு அனுப்பினாள், கூடவே ஒரு கிலோ நார்த்தங்காய் ஊறுகாயும்.

சாரல் எதற்கு என்றால், ரத்தத்தின் வயதைக் கணிப்பது முழுக்க அது நிறம் மாறும் வேகத்தை வைத்துத்தான். காற்றில் காயக் காய ஹீமோகுளோபின் வேறொன்றாக, பிறகு இன்னொன்றாக மாறுகிறது. அதனால்தான் சிவப்பு கறுத்துப் பழுப்பாகிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்து அந்த வேகம் கூடும், குறையும். ஏசி அறையில் காய்ந்த துணியை வைத்துப் பழக்கிய மாடலை, துணி காயவே காயாத ஆடி மாதக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்தால் அது என்ன தேதி சொல்லும்?

என் மாதிரிகள் மொத்தம் பதினான்கு வகை. இதை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுத முடியாது. என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். புது ரத்தத்தை எதனோடும் குழப்பிக்கொள்ள முடியவில்லை, ஜோடிப் பள்ளம் அவ்வளவு தெளிவு. ஆரத்தியும் நீலப் பக்கத்து வெளிச்சத்தை நிறைய விழுங்குகிறது, அந்தப் பகுதியை மட்டும் பார்த்தால் ரத்தத்தோடு சேர்க்கத் தோன்றும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சிக்கல் பழசாகும்போதுதான். ஒரு மாதம் ஆன ரத்தத்தில் அந்த ஜோடிப் பள்ளம் மழுங்கிவிடுகிறது. மங்குஸ்தானுக்குப் பள்ளமே கிடையாது, மெதுவாக ஏறும் ஒரு பழுப்புச் சரிவு. பழைய ரத்தம் அந்தச் சரிவை நோக்கி இறங்கி வருகிறது. போலந்து டேட்டாசெட்டை வைத்து நான் பழக்கிய எளிய மாடல், ஒரு மாத மங்குஸ்தான் துண்டில் கணிசமான பகுதியை ரத்தம் என்றது. ஒரு குங்குமத்தின் ஓரத்தையும். பெரியப்பா வேட்டியை எத்தனையாவது நாளில் படமெடுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மாடல் ‘ரத்தம்’ என்று நினைக்கும் பிக்சல்களைத் திரையில் எந்த நிறத்தில் காட்டுவது என்று முடிவு செய்கிறவன் புரோகிராமர். எங்கள் மென்பொருளில் அது ஒரு வரி. ஊதா போடலாம், பச்சை போடலாம். எல்லோரும் சிவப்புதான் போடுகிறார்கள். பழுப்புக் கறை உள்ள ஒரு வேட்டியின் படம், பக்கத்தில் அதே வேட்டி, கறை இருந்த இடத்தில் பளீரென்ற சிவப்பு. அதைப் பார்க்கிறவர் அது ஒரு கணிப்பு என்று நினைப்பாரா, ரத்தத்தின் போட்டோ என்று நினைப்பாரா? எவ்வளவு நெருக்கமாக இருந்தால் ‘ரத்தம்’ என்று எண்ணலாம் என்பதற்கு ஒரு எல்லை எண் இருக்கிறது. அதற்கு ஸ்லைடர் வைத்திருக்கிறோம். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் சிவப்பு பரவுகிறது, இடப்பக்கம் தள்ளினால் சுருங்குகிறது. மிளகாய் வற்றலில் அந்த எண்ணை வியாபாரி கேட்கிறபடி வைப்போம். கோர்ட்டில் காட்டும் படத்துக்கு அந்த எண்ணை யார், எதைப் பார்த்து வைத்தார்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்க எத்தனை வக்கீல்களுக்குத் தோன்றும்?

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவில், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரித்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம். நல்ல விஷயம், பெரியப்பா காலத்தில் அப்படி யாரும் வரவில்லை. அவ்வளவு இடங்களுக்கு அவ்வளவு நிபுணர்கள் போக வேண்டுமென்றால் கையில் பிடித்துக்கொள்ளும் கருவிகள் வரும், அவற்றுக்குள் யாரோ எங்கேயோ பழக்கிய மாடல்கள் வரும். டெண்டரில் விலை இருக்கும், எடை இருக்கும், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று இருக்கும். வெற்றிலை எச்சில் தெரியுமா என்ற கேள்வி இருக்குமா? பெரியப்பாவைக் காப்பாற்றியது வேட்டியை வெட்டி ஊறவைத்த அந்தப் பழைய சோதனைதான். மெதுவாக வந்தது, ஆனால் மங்குஸ்தானை ரத்தம் என்று சொல்லவில்லை. கேமராவை அதற்கு முந்தின படியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், எந்தக் கறையை வெட்ட வேண்டும் என்று காட்டித் தருவதற்கு. வேகமாக வரும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக வரும் ரிப்போர்ட்டுக்கு யார் காத்திருப்பார்கள் என்பதுதான் எனக்குப் பயம்.

வேலை இன்னும் முடியவில்லை. துணி ஒரே வகை, குங்குமம் மூன்று வகைதான், துவைத்த கறைகளை இன்னும் தொடவே இல்லை. சேர்ந்ததைக் குறிப்புகளோடு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் போட்டுவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

பதினான்காவது மாதிரி வெற்றிலை. அதைக் கடையில் வாங்க முடியாதே. பெரியப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. பெரியம்மா இன்றைக்கும் போடுகிறாள், அவர் போட்ட அதே கொட்டைப்பாக்கு, அதே சுண்ணாம்பு. அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, விஷயத்தை விளக்கினேன். முழுக்கக் கேட்டாள். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குனிந்து, கோலப்புள்ளி வைப்பது போலத் துண்டின் நடுவில் துப்பினாள். நான் அதில் எண் எழுதிக் கவருக்குள் வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“துணியத் திருப்பித் தருவாகளாய்யா?”